பொட்டலக் கணக்கு

போன மாதம் ஒரு பெண் போனில் அழைத்தாள். நான் இருபத்து நான்கு வருடம் வேலை பார்த்த தாம்பரம் டிராவல்ஸ் கம்பெனியை வாங்கியவர்களிடம் இப்போது வேலை பார்க்கிறவள். "சார், புதுசா டூர் மேனேஜர்ஸ் எட்டு பேர் சேர்ந்திருக்காங்க. அவங்களுக்காக உங்க அனுபவம் ஒண்ணு எழுதிக் கொடுங்க. கொஞ்சம் ஜாலியா இருந்தா நல்லாயிருக்கும்" என்றாள். இப்போதெல்லாம் பயணிகளின் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டிவிடுகிறார்களாம். பஸ் படியில் கால் வைத்தால் 'டிங்' என்று சத்தம் வருமாம். யார் ஏறவில்லை என்பதை போனே சொல்லிவிடுமாம். "அப்ப நீங்கள்லாம் ஆளுங்கள எப்படி சார் எண்ணுவீங்க?" என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். நான் அதற்குப் பதில் சொல்லாமல், எழுதித் தருகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

இது ஜாலியான கட்டுரை இல்லை. பிடிக்கவில்லை என்றால் அந்தப் பெண் கிழித்துப் போட்டுவிடலாம், எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் பி.காம். முடித்துவிட்டு, குரோம்பேட்டையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயிலில் போய், மேற்குத் தாம்பரத்தில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த அந்த ஆபீசில் சேர்ந்தேன். காசி, கயா, ராமேஸ்வரம் என்று பஸ்ஸில் யாத்திரை அழைத்துப் போகிற கம்பெனி. முதல் மூன்று வருடம் ரசீது எழுதினேன், பஸ் கழுவினேன், வாந்தி எடுக்கிறவர்களுக்கு எலுமிச்சம்பழம் கொடுத்தேன். நான் பெற்ற பயிற்சி அவ்வளவுதான்.

முதலாளி பெயர் தணிகாசலம். சேலையூர்ப் பக்கத்துப் பழைய ஊர்க்காரர். ஏரிக்குக் கீழே இருந்த நிலத்தை மனை போட்டு விற்றுவிட்டு இரண்டு பஸ் வாங்கியவர். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, இடது கையில் பழைய சாவி கொடுக்கிற கைக்கடிகாரம். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பார். ஏற்கெனவே முழுக்கச் சாவி கொடுத்திருந்தாலும் திருகிக்கொண்டே இருப்பார். அந்தக் கிறுகிறு சத்தத்துக்கு நாங்கள் பயந்த அளவு வசவுக்குப் பயந்திருக்க மாட்டோம். யாத்திரையில் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் அவர் சாப்பிடுவார். அதில் மட்டும் ஒருநாளும் மாறியதில்லை.

ஆட்களை எண்ணுவது பற்றி அவர் போட்ட சட்டத்தைச் சொல்ல வேண்டும். நான் முதன்முதலாகத் தனியாக அழைத்துப் போன காசி யாத்திரையில், பஸ்ஸுக்குள் நின்று, பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி விரலை நீட்டி "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணினேன். ஒரு பெரியம்மா எழுந்து நின்று கத்தினார். மனுஷர்களை விரல் நீட்டி எண்ணக் கூடாதாம், எண்ணினால் எண்ணிக்கை குறையுமாம். மறுநாள் பார்த்து அவர் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் வந்து தொலைத்தது. ஊர் திரும்பும்வரை அந்தம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. மற்ற கிழங்களும் நான் பஸ்ஸுக்குள் வந்தாலே முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு திரும்பி உட்கார்ந்தார்கள்.

தணிகாசலம் சாரிடம் வந்து புலம்பினேன். அவர் சிரிக்கவில்லை.

"பெரியவங்க பயப்படுறாங்கன்னா அத்த ஏம்பா செய்ற? ஆள எண்ணாத சேகரு. பொட்டலத்த எண்ணு. ஆளு டீ குடிக்கப் பூடுவான், பீடி புடிக்கப் பூடுவான். சோத்த வுட்டுட்டு எவனும் எங்கியும் பூட மாட்டான்."

முறை இதுதான். காலையில் சமையல்காரர் புளிசாதமோ தயிர்சாதமோ கட்டும்போது, பயணிகள் எத்தனை பேரோ அத்தனை பொட்டலம், அதற்கு மேல் எனக்கு ஒன்று. கூடையில் போடும்போது நானே எண்ணிப் போட வேண்டும். மதியம் பஸ் படிக்குப் பக்கத்தில் கூடையோடு நிற்க வேண்டும். ஏறுகிறவர் கையில் ஒன்று கொடுக்க வேண்டும். கடைசியில் கூடையில் ஒன்றே ஒன்று மிஞ்சினால், அது என்னுடையது. "கூட காலியா? ஒன் கையில ஒண்ணு கீதா? அப்ப வண்டிய எடு" என்பார். இரண்டு மிஞ்சினால் ஆள் ஒன்று குறைகிறது என்று அர்த்தம். பத்து வருடம் வடக்கே பூராவும் இந்தக் கணக்கில்தான் வண்டி ஓட்டினோம். ஒருவரைக்கூட விட்டுவிட்டு வந்ததில்லை. அந்தக் கர்வம் எனக்கு நிறையவே இருந்தது.

தொண்ணூறுகளில் சுற்றுப்பட்டில் எல்லோர் கையிலும் கொஞ்சம் பணம் புழங்க ஆரம்பித்தது. பிள்ளைகள் வெளிநாட்டுக்குப் போனார்கள். ரிட்டயர் ஆனவர்களுக்குக் காசியோடு திருப்தி வரவில்லை. தணிகாசலம் சார் ஐரோப்பா டூர் ஆரம்பித்தார். ஆபீஸ் மாடிப்படிக்குக் கீழிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு வந்தது. ஆனால் வேலை செய்கிற விதம் மாறவில்லை. பாஸ்போர்ட்டுகளை மஞ்சள் பையில் போட்டு திருநீர்மலைக்கு எடுத்துப் போய் பெருமாள் காலடியில் வைத்து வாங்கிய பிறகுதான் கிளம்புவோம். கூடவே சமையல்காரர் முனுசாமி அண்ணன் வருவார். ஓட்டல்களில் சமையலறையின் ஒரு மூலையைக் காலையில் இரண்டு மணி நேரம் கேட்டு வாங்கி, குக்கர் வைத்து, அலுமினியத் தாளில் சாதம் கட்டுவார். காசிக்கும் கூடை, பாரிசுக்கும் அதே கூடை.

எங்கள் டூர் நோட்டீசில் பாரிஸ் பக்கத்தில் இருக்கிற வெர்சாய் அரண்மனைக்கு நேராக "அரண்மனை, தோட்டங்கள், சிறு மாளிகைகள்" என்று அச்சடித்திருந்தது. வேறு ஒரு கம்பெனியின் நோட்டீசைப் பார்த்துத் தணிகாசலம் சார் எழுதச் சொன்ன வரி. உண்மையில் நாங்கள் காட்டியது அரண்மனையை மட்டும். கண்ணாடிக் கூடத்தைப் பார்த்து, பின்பக்கப் படியில் நின்று தோட்டத்தைப் பார்த்துப் போட்டோ எடுத்துக்கொண்டால் முடிந்தது. சிறு மாளிகைகள் அங்கிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே. அதற்கும் பின்னால், அரண்மனை ஆடம்பரம் அலுத்துப்போன ஒரு ராணி தனக்கென்று கட்டிக்கொண்ட விளையாட்டுக் கிராமம் இருக்கிறது. குளம், கூரை வீடுகள், மாவு அரைக்கிற ஆலை, மாட்டுக் கொட்டகை எல்லாம் உண்டு. போய்வர வயசானவர்களுக்கு இரண்டு மணி நேரம் ஆகும். இரண்டரை மணிக்கு பாரிசில் படகுச் சவாரிக்குச் சீட்டு வாங்கியிருப்போம்.

"யாராவது கேட்டா இன்னா சார் சொல்றது?" என்று முதல் தடவையே கேட்டேன்.

"மூடிகீதுன்னு சொல்லிடு. அவங்க என்ன திரும்பப் போய்ப் பாக்கவா போறாங்க?"

சொன்னேன். ஏழெட்டு தடவை போயிருப்பேன், அத்தனை தடவையும் சொன்னேன். "இன்னிக்குப் பார்த்து ரிப்பேர் வேலைங்கம்மா, மூடியிருக்கு." முகத்தை வேறு வருத்தமாக வைத்துக்கொள்வேன். அந்த நடிப்பு எனக்கு நன்றாகவே வந்தது.

சகுந்தலா அம்மா ஆபீசுக்கு வந்தது ஒரு மாசி மாதக் காலை. குரோம்பேட்டையில் ஸ்டேஷனுக்கு மேற்கே வீடு. டெலிபோன் எக்சேஞ்சில், வெளியூருக்கு லைன் போட்டுக் கொடுக்கிற டிரங்க் கால் பிரிவில் முப்பத்தொரு வருடம் ஆபரேட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. வலது முழங்காலில் வலி, கொஞ்சம் சாய்ந்து நடப்பார். கவுண்டரில் உட்கார்ந்ததும் பையிலிருந்து ஒரு பழைய காலண்டர் படத்தை எடுத்துப் பிரித்தார். மருந்துக் கம்பெனி கொடுக்கிற மாதக் காலண்டரின் ஒரு தாள். ஒரு குளம், அதன் ஓரத்தில் கூரை போட்ட வீடு, சுவரை ஒட்டி ஒரு மரச் சக்கரம். ஓரங்களில் சமையல் எண்ணெய் படிந்து மஞ்சளாகியிருந்தது.

"கீழ சின்ன எழுத்துல வெர்சாய்னு போட்டிருக்கு. ராணி கட்டின கிராமமாம். உங்க நோட்டீஸ்ல தோட்டம், சின்ன மாளிகையெல்லாம் உண்டுன்னு போட்டிருக்கீங்களே, இந்த வீட்டைக் காட்டுவீங்களா?"

"கண்டிப்பா காட்டுவோம்மா" என்றேன். படத்தைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. ரசீதுப் புத்தகத்தில் கார்பன் தாளைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

அவர் படத்தை மடிக்காமல் பேசிக்கொண்டே இருந்தார். "பதினோரு வருஷமா அடுப்புக்கு எதிர்ச் சுவர்ல மாட்டியிருக்கேன். என் வீட்டுக்காரர் ஆறு வருஷம் படுத்த படுக்கை. டியூட்டி முடிஞ்சு வந்து கஞ்சி காய்ச்சறப்ப எனக்குப் போக்கிடம் இது ஒண்ணுதான். பாரிசுக்கு எத்தனையோ பேருக்கு லைன் போட்டுக் குடுத்திருக்கேன். நான் திண்டிவனத்தைத் தாண்டினதில்ல. எல்லாக் கடமையும் முடிஞ்சதும் ஒரே ஒரு தடவை போய் அந்த வாசல்ல நிக்கணும். வேற ஊரெல்லாம் நீங்க காட்டாட்டியும் பரவாயில்ல."

பம்பாயில் இருந்த மகன் வேண்டாம் என்று சொல்லியும், தன் பி.எஃப். பணத்தில்தான் வருகிறார் என்பது பிறகு தெரிந்தது.

அந்த டூரில் முப்பத்தெட்டு பேர். தனியாக வருகிற பெண்களுக்கு அறைத் துணை போடுவோம். சகுந்தலா அம்மாவுக்குப் பல்லாவரத்திலிருந்து வந்த ராஜலட்சுமி மாமி துணை. மாமி நல்லவர், ஆனால் வாய் ஓயாது. சகுந்தலா அம்மாவுக்குக் கூடைக்கு முன்னால் காத்து நிற்பது கஷ்டம் என்பதால் இரண்டாம் நாளிலிருந்து மாமியே இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டு ஏறுவார். "அவளுக்கும் சேர்த்துக் குடுங்கோ" என்பார். நான் கொடுப்பேன். சகுந்தலா அம்மா முழங்காலை நீட்டிக்கொள்ள வசதியாக பஸ்ஸின் கடைசி நீள சீட்டுக்குப் போய்விட்டார். இரண்டும் என் கண்ணெதிரே நடந்தவை. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வெர்சாய் போன அன்று நல்ல வெயில். வண்டி அரண்மனைக்கு எதிரே கல் பாவிய மைதானத்தில் நின்றது. அரண்மனைக்குள் சுற்றி முடிக்கும்போது பன்னிரண்டு. பின்பக்கப் படியில் எல்லோரையும் நிறுத்தி, "ஒண்ணரைக்கு பஸ்ல இருக்கணும். ஒண்ணரைன்னா ஒண்ணரை" என்றேன்.

சகுந்தலா அம்மா பக்கத்தில் வந்தார். காலண்டர் படம் கையில் இருந்தது. "அந்த ராணியோட கிராமத்துக்கு எப்பப் போறோம் தம்பி?"

"இன்னிக்கு ரிப்பேர் வேலைங்கம்மா. மூடியிருக்கு."

அவர் தோட்டத்துப் பக்கம் பார்த்தார். அந்தப் பாதையில் ஆட்கள் குடும்பம் குடும்பமாகப் போய்க்கொண்டிருந்தார்கள், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். மூடின இடத்துக்கு யார் தள்ளுவண்டியோடு போவார்கள்? நான் அவர் முகத்தைப் பார்க்காமல் வேறு யாருக்கோ கழிப்பறைக்கு வழி சொல்லப் போய்விட்டேன்.

ஒரு மணிக்குக் கூடையோடு பஸ் படியில் நின்றேன். வெயிலுக்குப் பயந்து எல்லோரும் சீக்கிரமே வந்துவிட்டார்கள். ராஜலட்சுமி மாமி ஜோடி ஜோடியாக வந்த ஒரு கும்பலுக்கு நடுவே வந்து வழக்கம்போல இரண்டு வாங்கிக்கொண்டார். ஒன்றேகாலுக்குக் கூடையில் ஒரு பொட்டலம் மிஞ்சியது. டிரைவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான். கூடை காலி, என் கையில் ஒன்று. ஒன்று இருபதுக்கு வண்டியை எடுக்கச் சொன்னேன். பத்து நிமிடம் மிச்சம் என்று எனக்கு உள்ளூர சந்தோஷம்கூட.

படகுத் துறையில் சீட்டு கொடுக்கும்போது ஒரு சீட்டு கையில் மிஞ்சியது.

இரண்டு தடவை எண்ணினேன், சீட்டைத்தான். ராஜலட்சுமி மாமியிடம் "சகுந்தலா அம்மா எங்க?" என்றேன். "பின்னாடி சீட்ல கால நீட்டிண்டு படுத்துண்டிருக்கா. தூங்கறாளேன்னு நான் எழுப்பல" என்றார். பஸ்ஸுக்கு ஓடினேன். கடைசி சீட்டில் அவருடைய சாம்பல் நிறச் சால்வை மட்டும் சுருண்டு கிடந்தது. மாமியின் சீட்டுக்குக் கீழே பையில் பிரிக்காத பொட்டலம் ஒன்று இருந்தது. அலுமினியத் தாள் இன்னும் சூடாக இருந்த மாதிரி எனக்குப் பட்டது. என் கைதான் ஜில்லிட்டுப் போயிருக்க வேண்டும்.

கூட்டத்தை முனுசாமி அண்ணனிடம் ஒப்படைத்துவிட்டு டாக்சி பிடித்தேன்.  பாஷை தெரியாத ஊர், பாஸ்போர்ட் என் மஞ்சள் பையில், அந்தம்மா கையில் ஓட்டல் பெயர்கூட இல்லை. மூன்றேகாலுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

எங்கள் பஸ் நின்ற அதே இடத்தில், ஒரு கல் மேடையின் விளிம்பில், மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேறு பஸ்கள் வந்து அந்த இடத்தில் நின்று போயிருக்கின்றன. அவர் நகரவில்லை. உதடு வெடித்திருந்தது. தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை.

"வண்டி நின்ன எடத்துலயே இருந்தா தேடி வருவீங்கன்னு இருந்துட்டேன்" என்றார். பிறகு, குற்றம் சொல்கிற குரலே இல்லாமல், நடந்ததைச் சொன்னார். பன்னிரண்டு ஐந்துக்கு நடக்க ஆரம்பித்திருக்கிறார். ஒண்ணரைக்கு வர வேண்டும் என்றால் பாதி நேரம் போக, பாதி நேரம் வர. பன்னிரண்டே முக்கால் வரை போகலாம், எங்கே இருந்தாலும் சரி, அதோடு திரும்பிவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டார். சின்ன மாளிகையைத் தாண்டியிருக்கிறார். கேட்டெல்லாம் திறந்தே இருந்ததாம். மரங்களுக்கு நடுவே போகிற பாதை ஒரு இடத்தில் வளைகிறது. அந்த வளைவில் ஒரு பச்சை பெஞ்சு. அங்கே மணி பார்த்திருக்கிறார். பன்னிரண்டே முக்கால். திரும்பிவிட்டார்.

"இன்னும் கொஞ்சம் போய்ப் பார்க்கலாமேன்னு இருந்தது. ஆனா முப்பத்தேழு பேர் எனக்காகக் காத்துக்கிட்டு இருப்பாங்களே? டிரங்க் கால்ல மூணு நிமிஷம் ஆச்சுன்னா, அந்தப் பக்கம் அழுதுக்கிட்டு இருந்தாக்கூட லைனைக் கட் பண்ணினவ நான். எனக்கு மட்டும் எப்படித் தனிச் சட்டம்? ஒண்ணு இருபத்தெட்டுக்கு இங்க வந்துட்டேன் தம்பி. வண்டியைத்தான் காணோம்."

அந்த இடத்தில் நான் காலில் விழுந்திருக்க வேண்டும். "மன்னிச்சிடுங்கம்மா, பொட்டலம் கணக்கு சரியா வந்துச்சு" என்று உளறினேன். அவருக்குப் புரிந்திருக்க வாய்ப்பில்லை.

தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "மணி மூணரைதானே ஆகுது. நீங்களும் கூட வந்தா எனக்குப் பயமில்ல. இப்பப் போய்ட்டு வந்துடலாமா?"

இங்கேதான் நிறுத்தி நிதானமாக எழுத வேண்டியிருக்கிறது. டிக்கெட் ஜன்னலுக்கு மேலே பலகையில் மூடும் நேரம் ஐந்தரை என்று போட்டிருந்ததை நான் பார்த்தேன். நேரம் இருந்தது. டாக்சி நின்றுகொண்டிருந்தது. முப்பத்தேழு பேர் படகிலிருந்து இறங்கி முனுசாமி அண்ணனோடு நடைபாதையில் நிற்பார்கள், ராஜலட்சுமி மாமி ஒப்பாரி வைத்துக்கொண்டிருப்பார், ஊருக்குப் போனால் தணிகாசலம் சார் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பார். இதெல்லாம்தான் என் மண்டைக்குள் ஓடியது. அந்தம்மாவின் பதினோரு வருடம் ஓடவில்லை.

"இந்நேரம் மூடியிருப்பாங்கம்மா" என்றேன்.

தலையை ஆட்டினார். டாக்சியில் ஏறும்போது முழங்காலைக் கையால் தூக்கி வைத்துத்தான் ஏறினார். பாரிஸ் வரும்வரை காலண்டர் படத்தைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார். மீதி ஆறு நாளும் எந்த ஊரிலும் அவர் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை. "கால் வலிக்குது, நீங்க போய்ட்டு வாங்க" என்பார். ராஜலட்சுமி மாமி அழுதுகொண்டே அவருக்குத் தயிர்சாதம் பிசைந்து கொடுத்தது ஞாபகம் இருக்கிறது.

ஊர் திரும்பியதும் தணிகாசலம் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கடைசிப் பொய்யைத் தவிர. அவர் இரண்டே கேள்வி கேட்டார்.

"நீ சொன்ன டயம் எத்தினி?"

"ஒண்ணரை சார்."

"வண்டி எடுத்தது?"

"ஒண்ணு இருபது."

கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பார் என்று எதிர்பார்த்தேன். கொடுக்கவில்லை. கழற்றி மேஜை மேல் வைத்தார். தன் சட்டத்தில் ஓட்டை இருந்தது அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு, "அந்தம்மா புள்ள பம்பாய்ல பெரிய எடத்துல கீறான். பேஜாராப் பூடும். லேட்டா வந்தது தன் தப்புன்னு ஒரு காயிதத்துல கையெழுத்து வாங்கிடு சேகரு" என்றார். நான் அவரைத் திட்டவும் இல்லை, முடியாது என்று சொல்லவும் இல்லை. டைப் அடித்து எடுத்துக்கொண்டு போனேன்.

சகுந்தலா அம்மா அதைப் படிக்கவே இல்லை. பேனா வாங்கிக் கையெழுத்துப் போட்டார். "இதனால உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாதே தம்பி?" என்று கேட்டார். ஆகாது என்றேன். காபி கொடுத்தார். அடுப்புக்கு எதிர்ச் சுவரில் ஒரு சதுரம் மட்டும் புகை படியாமல் வெளுப்பாக இருந்தது. ஆணியும் இருந்தது. படம் இல்லை. "கழட்டிட்டேன். அதைப் பார்த்தா இப்பல்லாம் காலியான மைதானம்தான் ஞாபகம் வருது" என்றார்.

அதற்குப் பிறகு நான் ஆட்களைத்தான் எண்ணினேன். சீட் சீட்டாக நடந்து, பெயர் சொல்லி, முகத்தைப் பார்த்து. விரல் நீட்டுகிறேன் என்று யாராவது சண்டைக்கு வந்தால், "திட்டுங்கம்மா, ஆனா கையைத் தூக்குங்க" என்பேன். தணிகாசலம் சார் தடுக்கவில்லை. நோட்டீசில் இருந்த அந்த வரியையும் அடுத்த அச்சில் எடுத்துவிட்டார். 

அடுத்த வருடம் மறுபடி வெர்சாய் போனேன். கூட்டத்தை இரண்டு மணி நேரம் முனுசாமி அண்ணனிடம் விட்டுவிட்டு, முதன்முதலாக அந்தப் பாதையில் நான் நடந்தேன். ஏழெட்டு தடவை வந்தும், ஊர்க்காரர்களுக்கு மூடியிருக்கிறது என்று சொல்லியும், நானே பார்த்திராத இடம். சின்ன மாளிகை, அதைத் தாண்டி மரங்கள், பாதை வளைகிற இடம். பச்சை பெஞ்சு இருந்தது. அதில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். பிறகு எழுந்து வளைவில் திரும்பினேன், எண்ணிக்கொண்டே நடந்தேன்.

குளம் இருந்தது. கூரை வீடு, சுவரை ஒட்டி மரச் சக்கரம், வாசலில் பூச்செடிகள், காலண்டரில் இருந்ததைவிட ஒன்றும் குறையாமல். உள்ளே யாரும் இல்லை. ராணி விளையாடுவதற்குக் கட்டிய வீடு, இப்போது சும்மா நிற்கிறது. ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன். 

அந்தப் போட்டோவைச் சகுந்தலா அம்மாவிடம் கொடுக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது. இத்தனைக்கும் ஒரே குரோம்பேட்டை, ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். போனபோது அவர் கட்டிலில் இருந்தார். கால் முழுக்கவே ஓய்ந்துவிட்டது, பக்கத்தில் ஒரு வேலைக்காரப் பெண் இருந்தாள். போட்டோவைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். தள்ளி வைத்துப் பார்த்தார்.

"படத்துல இருக்கிற மாதிரியேதான் இருக்கு."

"ஆமாம்மா."

"நான் திரும்பினேனே, அந்த பச்சை பெஞ்சு. அங்கேருந்து இது எவ்வளவு தூரம் தம்பி?"

இதைக் கேட்பார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இரண்டு வருடம் போகவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.

"ரொம்ப தூரம்மா. அதுக்கப்புறம் இன்னும் அரைமணி நேரம் நடக்கணும். நீங்க போயிருந்தாலும் அன்னிக்குப் பார்த்திருக்க முடியாது. திரும்பினதுதான் சரி."

அவர் போட்டோவை மார்மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டார். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். 

"முப்பத்தொரு வருஷம் முகம் பார்க்காம குரலை மட்டும் கேட்டு வேலை பார்த்தவ நான்" என்றார். என் கையைப் பிடித்து ஒரு தட்டுத் தட்டினார். "சரி தம்பி. ரொம்ப தூரம்னே வச்சுக்கறேன்."

அந்த மழைக்காலத்திலேயே அவர் போய்விட்டார். தணிகாசலம் சாரும் இல்லை. ராஜலட்சுமி மாமி எங்கே என்று தெரியாது. அந்த போன் பண்ணின பெண் கேட்டாளே, எப்படி எண்ணுவீர்கள் என்று. இதுவரை யாரிடமும் சொல்லாத ஒரு எண்ணிக்கை என்னிடம் இருக்கிறது. அதையும் எழுதிவிட்டால் என் வேலை முடிந்தது.

பச்சை பெஞ்சிலிருந்து அந்த வீடு கண்ணில் படுகிற இடத்துக்கு அறுபத்திரண்டு காலடி. அது என் காலுக்கு. அவர் காலுக்கு எண்பது இருக்கலாம்.